இன்ஜினை இறக்காமல் டர்போவை ஏற்றாதீர்கள்

சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் அப்படி. பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் கூடும் அந்த வட்டாரத்தில் பழைய கார்களின் கதவுக் கைப்பிடி முதல் கிராங்க் ஷாஃப்ட் வரை தேடி எடுக்கலாம். கார் மோகம் கொண்ட இளைஞர்களின் கண் இத்தகைய சந்தைகளில் போய் நிற்கும் பொருள்களில் டர்போசார்ஜரும் ஒன்று. இரண்டு கைகளுக்குள் அடங்கும், நத்தை ஓடு போலச் சுருண்ட வார்ப்புப் பாகம். எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு சிசி இன்ஜினில் இதைப் பொருத்திவிட்டால் கார் பறக்கும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் இன்ஜினை உடைக்கிறது, சில சமயம் ஆளையும். சிறிய இன்ஜினுக்கு டர்போ என்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் இன்ஜினை இறக்கி, பிரித்து, உள்ளுக்குள் பலப்படுத்தியாக வேண்டும். நம் சட்டமோ ஒழுங்கான வேலைக்கும் அரைகுறை வேலைக்கும் வேறுபாடு பார்க்காமல் ஒட்டுமொத்தமாகக் கதவைச் சாத்தியிருக்கிறது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஒழுங்கான வேலை நின்றுபோக, அரைகுறை வேலை தடையின்றி நடக்கிறது. அனுமதிக்கு ஒரு முறையான வழி வேண்டும், அந்த வழியில் கண்டிப்பான சோதனை வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் அந்தப் பாகம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. சிறிய டர்போவில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சில சமயம் இரண்டு லட்சம் வரை சுழலும். கூடுதல் காற்று போனால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், கூடுதல் சக்தி கிடைக்கும். கணக்கு எளிதாகத் தெரிகிறது. ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் போல. சித்திரை, வைகாசியில் கொல்கத்தாவில் 38 டிகிரி வெயில் சாதாரணம். அந்தக் காற்றை அரை பார் அளவுக்கு, அதாவது வெளி அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்காக, ஓரளவு நல்ல டர்போ ஒன்று அழுத்தினால் அதன் வெப்பம் 97 டிகிரி அளவுக்கு ஏறும். கிட்டத்தட்டக் கொதிநீர்ச் சூடு. சூடான காற்று விரிந்து மெலியும் என்பதால், 50 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும் என்று எண்ணியவருக்கு உண்மையில் கிடைப்பது 26 சதவீதம்தான். இடையில் நல்ல இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது 42 சதவீதமாகும். அந்த இன்டர்கூலருக்கும் முன்னாலிருந்து காற்று வீச வேண்டும். சியால்தா மேம்பாலத்தின் நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு அந்தக் காற்று எங்கிருந்து வரும்?

சூடு கூடினால் சக்தி குறைவது சின்ன இழப்பு. பெரிய ஆபத்து நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தட்டல். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அளவுக்கு மீறிச் சூடாகி அழுந்தியிருந்தால், தீ போய்ச் சேர்வதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். வெளியே கேட்பது சிறு கூழாங்கல் தட்டும் ஓசை. உள்ளே விழுவது சுத்தியல் அடி. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவதும், ஹெட் காஸ்கெட் கிழிவதும் இதனால்தான். டர்போ இல்லாத இன்றைய பெட்ரோல் இன்ஜின்களின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுந்துகிறது என்ற அளவு, பத்து, பதினொன்று என்று இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே டர்போ காற்றையும் திணிப்பது நெருப்போடு விளையாடுவது. வேறு பிஸ்டன் போட்டோ, எரியறையின் கொள்ளளவைக் கூட்டியோ விகிதத்தை எட்டரை, ஒன்பது என்று இறக்க வேண்டும். அதற்கு இன்ஜினைத் திறந்தாக வேண்டும். திறக்காமல் செய்ய வழியில்லை.

சுமையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாட்டின் ஒவ்வொரு சிற்றூரிலும் ஓடிய மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 68.5 மி.மீ. டர்போ இல்லாத இன்ஜினில் எரிதலின் உச்ச அழுத்தம் சுமார் 60 பார் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிறு வட்டத்தின் மேல் ஒவ்வொரு வெடிப்பிலும் இரண்டேகால் டன் எடை வந்து உட்காருகிறது. டர்போவினால் உச்ச அழுத்தம் 90 பார் ஆனால் அது மூன்றரை டன்னை நெருங்குகிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இது 2,000 முறை நடக்கும். வார்ப்பு அலுமினியப் பிஸ்டன், கனெக்டிங் ராடு, அதன் போல்ட், கிராங்க் பேரிங் எல்லாம் பழைய சுமைக்காக அளந்து செய்யப்பட்டவை. ஆகவேதான் டர்போ வேலை தெரிந்தவர்கள் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன், பலமான ராடு, பல அடுக்கு எஃகு ஹெட் காஸ்கெட், உயர்தர ஹெட் போல்ட் என்று பட்டியல் போடுகிறார்கள். ஆடம்பரத்துக்குப் போடுவதில்லை.

இந்த வேலையின் நுட்பத்தை அறிய ஒரே ஒரு இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் போதும். பிஸ்டன் ரிங் முழு வளையம் கிடையாது, ஓரிடத்தில் வெட்டு இருக்கும். ரிங்கைத் தனியாக எடுத்து, ரீபோர் செய்த சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் மெல்ல ஓர் அங்குலம் தள்ளிச் சமமாக்கி, அந்த வெட்டின் இடைவெளியில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார்கள். 68.5 மி.மீ. சிலிண்டரில் சாதாரண ஓட்டத்துக்குக் கால் மி.மீ. அளவு இடைவெளி போதும். டர்போ இன்ஜினில் ரிங் அதிகம் சூடாகி நீளும். ஆகவே இடைவெளி 0.4 மி.மீ. அளவுக்கு வேண்டும். நுண்ணிய அரத்தால் ஓர் இழு, மறுபடி அளவு, மறுபடி ஓர் இழு. இந்த 0.15 மி.மீ. விட்டுப்போனால், முழுச் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டும். முட்டியபின் ரிங்குக்குப் போக இடமில்லை. சிலிண்டரைக் கீறும், பிஸ்டன் விளிம்பைப் பெயர்க்கும், இன்ஜின் சீஸ் ஆகும். மூன்று தாளின் தடிமன் அளவுக்கும் கீழான ஒரு வேறுபாடு முழு இன்ஜினையும் தீர்மானிக்கிறது. பானெட்டைத் திறந்து, மேலிருந்து டர்போவை மாட்டிவிடுபவர் இதை எப்படிச் சரிபார்ப்பார்?

டர்போவுக்குப் போகும் ஆயிலும் அப்படித்தான். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. உள்ளே போகும் ஆயிலுக்கு பம்பின் அழுத்தம் உண்டு, திரும்பி வரும் ஆயில் தன் எடையால் மட்டுமே வடிய வேண்டும். திரும்பும் குழாய் அகலமாகவும், வளைந்து தொங்காமல் சாய்வாகவும் ஆயில் சம்புக்கு வந்து சேர வேண்டும். குழாய் குறுகினாலோ தொங்கினாலோ ஆயில் தேங்கி, சீலைத் தாண்டிக் கசிந்து, நீலப் புகையாக வெளியே வரும். சாலையில் நமக்கு முன்னால் நீலப் புகை கக்கும் கார்களில் சிலவற்றின் கதை இதுவாக இருக்கலாம். சந்தையில் கிடைக்கும் பழைய டர்போக்களில் பெரும்பங்கு டீசல் கார்களிலிருந்து கழற்றியவை என்பது இன்னொரு சிக்கல். டீசல் புகையின் வெப்பம் பொதுவாக 800 டிகிரியைத் தாண்டாது. பெட்ரோல் இன்ஜினின் புகை முழுச் சுமையில் 950 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டுக்கு வேறு உலோகக் கலவை வேண்டும். விலை மலிவு என்று டீசல் டர்போவைப் பெட்ரோல் காரில் பூட்டுவது மண்சட்டியை உலைக்களத்தில் வைப்பது போல. பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் கூடுதல், நாக்கிங்குக்கு அது நல்லதே. ஆனால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதற்குத் தேவைப்படும் காற்றின் அளவும் குறைவு. அதனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் பாய்ச்ச வேண்டும். பழைய இன்ஜெக்டரையும் பழைய கணினி நிரலையும் வைத்துக்கொண்டு காற்றை மட்டும் கூட்டினால் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டனில் ஓட்டை விழும்.

கார் நிறுவனங்கள் சிறிய இன்ஜினில் டர்போ வைக்கவில்லையா என்று கேட்கலாம். வைத்தன, ஆனால் உள்ளே என்ன செய்துவிட்டு வைத்தன என்பதைப் பார்க்க வேண்டும். மாருதி 800-ஐ நமக்குத் தந்த அதே சுசுகி, 1987-இல் ஜப்பானில் ஆல்டோ வொர்க்ஸ் என்ற காரை விற்பனைக்கு விட்டது. இன்ஜின் 543 சிசி, நம் 800-இன் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது, அளவில் அதைவிடச் சிறியது. சக்தி 64 குதிரை. நம் ஊரில் 796 சிசியிலிருந்து 40-க்கும் குறைவான குதிரைச் சக்தி வந்துகொண்டிருந்த காலம் அது. டர்போவோடு சேர்த்து, இரட்டை கேம் ஷாஃப்ட்டும் சிலிண்டருக்கு நான்கு வால்வும் கொண்ட புது ஹெட், எரிபொருளை அளந்து பாய்ச்சும் இன்ஜெக்‌ஷன் என்று இன்ஜினின் மேல்பாதியையே மாற்றிக் கட்டினார்கள். இங்கிலாந்தில் 1982-இல் வந்த எம்ஜி மெட்ரோ டர்போவின் கதை இன்னும் பாடமானது. 1951-இல் பிறந்த பிஎம்சி ஏ-சீரிஸ் இன்ஜினின் 1,275 சிசி வடிவத்தை எடுத்து 72 குதிரையிலிருந்து 93-க்கு உயர்த்தினார்கள். வெளியேறும் வால்வுகளின் உள்ளே சோடியம் நிரப்பி வெப்பத்தைக் கடத்தினார்கள். இவ்வளவும் செய்தபின், அந்தக் காரின் கியர்பாக்ஸ் கூடுதல் முறுக்கு விசையைத் தாங்காது என்று கண்டு, குறைந்த சுற்றில் டர்போவின் அழுத்தத்தைத் தாங்களே கட்டுப்படுத்தி வைத்தார்கள். தொழிற்சாலையும் ஆய்வுக்கூடமும் கையில் இருந்தவர்களே சங்கிலியின் மெலிந்த கண்ணி எது என்று தேடி, அதற்குத் தக்கபடி அடங்கிப்போனார்கள். இன்று சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட்டின் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் 100 குதிரைச் சக்தி தருகிறது. அதன் சிலிண்டர் சுவரில் வழக்கமான வார்ப்பிரும்பு லைனருக்குப் பதில் உருகிய எஃகைத் தெளித்து, கண்ணாடிபோல மெருகேற்றியிருக்கிறார்கள். ஷோரூமில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது. 'டர்போ' என்ற எழுத்துதான் தெரியும்.

இப்படி ஒரு வேலையைச் செய்யும் கைகள் கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. அதன் பெயரால் ஹிந்த்மோட்டார் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ஆம்பாசடர் காரின் 1,489 சிசி இன்ஜின், மேலே சொன்ன ஏ-சீரிஸின் அண்ணனான பிஎம்சி பி-சீரிஸ். அதைப் பல பத்தாண்டுகள் அங்கே செய்தார்கள். 1980-இல் நாட்டின் முதல் டீசல் கார் வந்ததும் அந்த ஆலையிலிருந்துதான். 2014 மே 24-ஆம் தேதி உற்பத்தி நிறுத்தப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் கைத்திறன் ஒரே நாளில் வேலையற்றுப்போனது. நகரில் ஓடிய மஞ்சள் டாக்ஸிகளைப் பராமரித்து வந்த லேத் பட்டறைகள், சிலிண்டர் போரிங் கடைகள், கிராங்க் கிரைண்டிங் செய்பவர்கள் அந்தத் திறனின் கடைசி வாரிசுகள். 15 ஆண்டைத் தாண்டிய வணிக வாகனங்களை அகற்றும் விதியால் அந்த டாக்ஸிகளும் சாலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கின்றன. நூறில் ஒரு பங்கு மி.மீ. துல்லியத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்று எந்த அரசும் யோசித்ததாகத் தெரியவில்லை. புது கார்களின் இன்ஜின் கெட்டால் பிரித்துச் சரிசெய்வதைவிட முழுதாக மாற்றுவதே வழக்கமாகி வருகிறது. இது கொல்கத்தாவின் துயரம் மட்டுமல்ல. கோயம்புத்தூரின் பட்டறைகளுக்கும் இதே நாள் வந்துகொண்டிருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீதிமன்றத்தின் மீது எனக்குக் குறையில்லை. இருக்கிற சட்டத்தின் சொல்லுக்கு அது பொருள் சொன்னது, சாலையில் போகிற மற்றவர்களின் உயிரை நினைத்தது. கேள்வி, அந்தச் சட்டம் எதைப் பிடிக்கிறது என்பதுதான். பெரிய சைலன்சரையும், வெளியே துருத்தும் டயரையும், கண்ணைக் கூசவைக்கும் விளக்கையும் போக்குவரத்துக் காவலர் சாலையோரம் நின்றே பார்த்துவிடலாம். சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. டர்போ பொருத்தினால் சிசி மாறாது, இன்ஜின் எண் மாறாது. புகைச் சான்றுக்கான சோதனை, கார் நின்ற இடத்தில், சுமையில்லாமல் நடக்கிறது. டர்போ முழு மூச்சில் வேலை செய்யும் நிலையை அது தொடுவதே இல்லை. ஆக, பிடிபடும் வாய்ப்பு குறைவு, ஆனால் பிடிபட்டால் சிறை என்ற நிலையில் யார் இந்த வேலையைச் செய்ய வருவார்கள்? பெயர்ப்பலகையும் வாடிக்கையாளர் மத்தியில் மதிப்பும் உள்ள பட்டறைக்காரர் ஒதுங்கிவிடுவார். இழக்க எதுவும் இல்லாதவர் வருவார். ரசீது கிடையாது, அளவுக் குறிப்பு கிடையாது, உத்தரவாதம் கிடையாது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லவும் முடியாது, விபத்து நேர்ந்தால் இழப்பீடும் சிக்கலாகும். செலவைக் குறைக்க இன்ஜினை இறக்காமலேயே வேலை முடியும். பிரேக் பழையதாகவே இருக்கும்.

இன்ஜினில் எந்த மாற்றத்துக்கும் வழியே இல்லை என்று சட்டம் சொல்லவும் இல்லை. அதே 52-ஆம் பிரிவு, காரை சிஎன்ஜிக்கோ எல்பிஜிக்கோ மின்கலத்துக்கோ மாற்ற அனுமதிக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற பட்டறை, ஆர்.சி. புத்தகத்தில் குறிப்பு என்று ஒழுங்கான பாதை அங்கே இருக்கிறது. பிஎஸ்-6 புகைத்தரம் கொண்ட கார்களுக்கும் 2022-இல் அந்த அனுமதி வந்தது. உயர் அழுத்த வாயு உருளையைக் காரின் டிக்கியில் வைத்து, இன்ஜினின் எரிபொருளையே மாற்றுவது டர்போவைவிடச் சின்ன மாற்றமா என்ன? கொல்கத்தா இதை நேரில் கண்ட ஊர். 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் 15 ஆண்டைத் தாண்டிய வணிக வாகனங்களையும் புகை கக்கிய பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களையும் அகற்றச் சொன்னது. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது, ஆனாலும் நகரின் ஆட்டோக்கள் எல்பிஜிக்கு மாறின. கெடு வைத்து, தரம் வைத்து, சோதித்து அனுமதித்தால் ஆயிரக்கணக்கான இன்ஜின்களில் மாற்றத்தை ஒழுங்காகக் கொண்டுவர முடியும் என்பதற்கு அந்த ஊரின் தெருக்களே சாட்சி.

பிற நாடுகள் எப்படிச் செய்கின்றன? ஜெர்மனியில் மாற்றப்பட்ட காரைப் பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தந்து ஆவணத்தில் பதிந்த பிறகே சாலைக்கு எடுக்கலாம். பதியாமல் ஓட்டினால் காரின் இயக்க அனுமதியே போய்விடும். ஆஸ்திரேலியாவில் வாகன மாற்றங்களுக்கென்று நாடு முழுவதற்குமான விதித்தொகுப்பு இருக்கிறது. டர்போ பொருத்துவதும் அதில் வருகிறது. காரின் எடைக்கு ஏற்ப இன்ஜின் கொள்ளளவுக்கு வரம்பு வைத்து, டர்போ என்றால் அந்த வரம்பை இன்னும் இறக்குகிறார்கள். அங்கீகாரம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட வேண்டும். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கையெழுத்தை. இன்ஜின் பிரித்த நிலையில் இருக்கும்போதே ஒரு பொறியாளர் வந்து சிலிண்டர் அளவு, ரிங் இடைவெளி, பேரிங் இடைவெளி, கம்ப்ரஷன் விகிதம் எல்லாவற்றையும் அளந்து, தன் பெயரில் குறிப்பு எழுத வேண்டும். பூட்டிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. டர்போ அழுத்தத்துக்கு மேல்வரம்பு வேண்டும். பிரேக், டயர், கிளட்ச் புது சக்திக்குத் தக்கவையா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, சுழலும் உருளைமேல் காரை நிறுத்தி, சுமையோடு ஓடவிட்டுப் புகையை அளக்க வேண்டும். புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், ஒரகடத்தின் ஜிஏஆர்சி போன்ற மையங்கள் தரத்தை வகுக்கலாம். கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சிப்பூர் பொறியியல் நிறுவனமும் சோதனை இடங்களாகலாம். மாணவர்களுக்கும் அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதல் ஆட்சேபம் காற்று மாசு. குளிர்காலக் கொல்கத்தாவில் மூச்சு விடுவதே சிரமம், அங்கே இன்னும் சக்தி கூட்டிய கார்களா என்ற கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் சுமையில் புகை சோதனை என்று சொன்னேன். தேறாத கார் சாலைக்கு வரக் கூடாது, எவ்வளவு செலவழித்திருந்தாலும். இப்போதைய நிலையில் பட்டறையில் டர்போ மாட்டிய ஒரு காரும் அந்தச் சோதனைக்கு உள்ளாவதில்லை. தடையால் மாசு குறைந்திருக்கிறது என்று சொல்ல எந்த அளவையும் இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: கார்புரேட்டர் வைத்த, வினையூக்கி மாற்றி இல்லாத பழைய இன்ஜின்களுக்குச் சாலைக்கான டர்போ அனுமதி தரவே கூடாது. கலவையைத் தானே கவனித்துத் திருத்தும் சென்சார் இல்லாத இன்ஜினில் டர்போவும் சுத்தமான புகையும் சேர்ந்து வராது. கிராங்க்கை மூன்றே பேரிங்கில் தாங்கும் ஆம்பாசடரின் பழைய பி-சீரிஸ் இன்ஜினும் இதில் அடங்கும். அது தன் இயல்பான ஓசையோடு பழங்கார் அணிவகுப்பில் போகட்டும்.

வேகம்தான் கொல்கிறது, நெரிசல் மிகுந்த நகரத்தில் இந்தச் சக்தி எதற்கு என்பது அடுத்த கேள்வி. தேவை இல்லை என்பதே நேர்மையான பதில். ஆனால் 120 குதிரைச் சக்தி கொண்ட ஒரு லிட்டர் டர்போ காரை வயது வந்த எவரும் இன்று கடையில் வாங்கலாம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. சிறிய இன்ஜினிலிருந்து பெரிய சக்தி எடுக்கும்படி நிறுவனங்களை அரசின் வரிக்கொள்கையே தூண்டியது. சக்தியே குற்றம் என்றால் அந்தக் கார்களும் குற்றம். அவற்றை நாம் ஏற்பது, அவை சோதிக்கப்பட்டவை என்பதால். அதே சோதனையைப் பட்டறை வேலைக்கும் வைக்கச் சொல்கிறேன். பந்தயத் தடத்தில் மட்டும் செய்துகொள்ளட்டும் என்கிறார்கள் சிலர். நல்ல யோசனைதான். கோவையின் கரிவரதன் மாருதி 800-இன் இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார், நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில் ஓட்டிப் பழகி மேலே போனார்கள். சிறிய இன்ஜினை அறிந்து கட்டுவதிலிருந்து ஒரு தலைமுறை உருவானது. ஆனால் அதற்கு இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் அருகில் இருந்தால் முடியும். கொல்கத்தாக்காரருக்கு அந்தத் தடங்களோ கிரேட்டர் நொய்டாவோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு காலத்தில் பராக்பூர் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும் இன்று இல்லை. தடம் இல்லாத ஊரில் 'தடத்தில் செய்' என்பது பதிலாகாது.

மிகவும் கனமான ஆட்சேபம் ஊழல். வண்டியைப் பார்க்காமலே புகைச் சான்று தரும் நாட்டில் டர்போ சான்றும் விலைக்குப் போகாதா? போகக்கூடும். அதனால்தான் அனுமதி தருபவர் ஆர்.டி.ஓ. அலுவலக மேசையாக இருக்கக் கூடாது, பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் பொறியாளராக இருக்க வேண்டும் என்கிறேன். அளவுக் குறிப்பும், பிரித்த இன்ஜினின் படங்களும் பொதுத் தளத்தில் பதிவாக வேண்டும். பிறகு ஒரு விபத்தில் பொய் வெளிப்பட்டால் அவருடைய உரிமமும் சுதந்திரமும் போக வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதில் காவலர் வேலை உண்டு. நட்டம் தங்களுக்கு என்றால் அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். இதற்கெல்லாம் செலவாகும், டர்போவின் விலையைவிட மற்றச் செலவு பல மடங்கு வரும். வரட்டும். முழுச் செலவு தெரிந்தால் பாதிப் பேர் ஆசையை விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் ஒழுங்காகச் செய்வார்கள், அந்தப் பணம் லேத்துக்கும் போரிங் எந்திரத்துக்கும் முன்னால் நிற்பவரின் வீட்டுக்குப் போகும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 52-ஆம் பிரிவில் எரிபொருள் மாற்றத்துக்குத் திறந்த கதவை இதற்கும் திறந்து, விதியை எழுத வேண்டும். மேற்கு வங்கமும் தமிழ்நாடும் அதைக் கேட்டுப் பெறும் தகுதி உள்ள மாநிலங்கள். இன்றைய சட்டப்படி சாலையில் ஓடும் காருக்கு டர்போ பொருத்துவது குற்றம், அதைச் செய்யாதீர்கள். நாளை விதி மாறினாலும், இன்ஜினைத் திறந்து பார்க்காமல் ஒரே நாளில் டர்போ மாட்டித் தருகிறேன் என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் கையில் உங்கள் கார் சாவியைக் கொடுக்காதீர்கள்.